இறுக்கும் திசை: ஒரு ஸ்கோப் குமிழின் காப்புரிமை ஆய்வு, முதல் கோரிக்கையிலிருந்து அனுமதி வரை

துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கிக் குறிநோக்கியான ஸ்கோப்பின் மேல் இருக்கும் திருகு குமிழுக்குக் காப்புரிமை கேட்டு வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலும் ஒரே குறை திரும்பத் திரும்ப வரும். குமிழ் என்ன பலன் தருகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அந்தப் பலனை எந்தப் பாகம் எந்தப் பாகத்தில் முட்டி, எந்தத் திசையில் தள்ளித் தருகிறது என்பது மட்டும் கோரிக்கையில், அதாவது காப்புரிமை எதுவரை என்று வரையறுக்கும் வாசகத்தில், இருக்காது. விளக்கவுரையில் எங்கோ ஒரு வரியில் இருக்கும், ஒரு படத்தில் சின்னதாக இருக்கும், ஆனால் கோரிக்கைக்குள் வந்திருக்காது. கடைசியில் விண்ணப்பத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த வரிதான். அது எப்படி நடக்கிறது என்று முழுதாகக் காட்டத்தான் இந்த ஆய்வு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு மாதிரி வழக்கு. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் கோப்பு கிடையாது. இந்த வகைக் குமிழ்களில் வழக்கமாக எழும் சிக்கல்களைச் சேர்த்து நான் அமைத்தது. காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் விண்ணப்பத்துக்கு எதிராகக் காட்டும் அ, ஆ, இ என்ற பழைய ஆவணங்களும் அப்படித்தான். சட்டப் பிரிவுகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்மையானவை, களம் அமெரிக்கக் காப்புரிமை மற்றும் வணிகக்குறி அலுவலகம்.

பொருளும் அதன் நோயும்

ஸ்கோப்புக்குள் பிம்பத்தை நிமிர்த்தும் வில்லைகள் கொண்ட ஒரு சிறு குழாய் இருக்கிறது. ஒரு முனை கீல் போல நிலையாக இருக்க, மறுமுனையை ஒரு பக்கம் ஸ்பிரிங் தள்ளும், எதிர்ப்பக்கம் குமிழின் திருகுத் தண்டு தடுத்து நிற்கும். குமிழைத் திருப்பினால் தண்டு இறங்கும் அல்லது ஏறும், குழாய் இம்மியளவு சாயும், குறுக்கிழை காட்டும் புள்ளி நகரும். மேலே இருப்பது உயரத்துக்கான குமிழ், பக்கவாட்டில் இருப்பது காற்றுக்கானது.

இம்மியளவு என்று சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. கோணத்தை மில்லிரேடியனிலோ எம்ஓஏவிலோ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளப்பார்கள். ஒரு க்ளிக் 0.1 மில்லிரேடியன் என்றால் 100 மீட்டரில் அது 10 மில்லிமீட்டர் நகர்வு. கால் எம்ஓஏ க்ளிக் என்றால் அதே தூரத்தில் சுமார் 7.3 மில்லிமீட்டர். பொருள்வில்லையின் குவியத் தொலைவு 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.1 மில்லிரேடியனுக்குப் பிம்பம் நகர்வது வெறும் 0.02 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 100 க்ளிக் உள்ள குமிழில் ஒரு க்ளிக் என்பது 3.6 பாகை. விரல் நழுவினால் போதும், 3.6 பாகை போய்விடும்.

இப்போது நோய்க்கு வருவோம். சுட்டுப் பார்த்து, குறி சரியாக விழும் இடத்துக்குத் தண்டைக் கொண்டுவந்தாயிற்று. ஆனால் மூடியில் அச்சிட்ட எண் அந்த இடத்தில் பூஜ்ஜியத்தைக் காட்டாது, 17ஐயோ 43ஐயோ காட்டும். ஆகவே மூடியைத் தண்டிலிருந்து தளர்த்தி, பூஜ்ஜியக் கோட்டுக்குத் திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். வழக்கமான வடிவத்தில் மூடியின் பக்கவாட்டில் இரண்டு மூன்று கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) இருக்கும், அவற்றின் முனை தண்டைக் கவ்வும். இறுக்கும்போது முனை தண்டின் மேற்பரப்பில் பழைய தழும்பு ஒன்றைத் தேடி வழுக்கி இறங்கும், அதோடு தண்டும் கொஞ்சம் திரும்பும். ஒரு க்ளிக் திரும்பினாலும் 100 மீட்டரில் 10 மில்லிமீட்டர், 500 மீட்டரில் 50 மில்லிமீட்டர். மூடியோ அழகாகப் பூஜ்ஜியத்தில் நிற்கும். பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது, அதுதான் இதில் கெட்ட விஷயம்.

விண்ணப்பதாரர் செய்த குமிழ் ஒரே சுற்று வகை. தண்டைச் சுற்றி, பிளவுபட்ட ஆப்பு வளையம் ஒன்று. வளையத்தின் வெளிப்புறம் சாய்வாக இருக்கும், மூடியின் உட்புறமும் அதே சாய்வில் இருக்கும். மூடியின் உச்சியில் உள்ள நடுத் திருகை வலமாகச் சுற்றினால் அது வளையத்தை மேலே இழுக்கும், சாய்வு வளையத்தை நெருக்கும், வளையம் தண்டைச் சுற்றிலும் சமமாகக் கவ்வும். வளையத்தில் கீ என்ற சிறு முனைப்பு இருக்கிறது, அது மூடியிலுள்ள பள்ளத்தில் மேலும் கீழும் போகும், மூடியை விட்டுத் தனியாகச் சுழலாது. அப்புறம் மூடியின் உள்விளிம்பில் ஒரு முகம். குமிழின் நிலையான உடலில் ஒரு ஊசி நிற்கிறது. மூடி பூஜ்ஜியத்தில் இருக்கும்போது அந்த முகம் ஊசியில் முட்டி நிற்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவிடாத நிறுத்தம் அது.

முதல் கோரிக்கை

தாக்கல் செய்த முதல் கோரிக்கை ஏறக்குறைய இப்படி இருந்தது: "உடல், உடலில் சுழலும் தண்டு, க்ளிக் தரும் டிடென்ட் அமைப்பு, அளவு குறித்த மூடி, மற்றும் தண்டைச் சுழற்றாமல் மூடியை எந்தக் கோணத்திலும் தண்டோடு பிணைக்கும் வகையில் அமைந்த ஒரு பிணைப்பு உறுப்பு ஆகியவற்றைக் கொண்ட குமிழ்."

முதல் கோரிக்கையை அகலமாகப் போடுவது வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் இதில் புதுமை முழுவதும் "தண்டைச் சுழற்றாமல்" என்ற ஒரே சொற்றொடரில் தொங்குகிறது. ஆப்பு, கீ, நிறுத்த முகம் மூன்றும் சார்புக் கோரிக்கைகளில்கூட (முதல் கோரிக்கையோடு கூடுதல் கூறுகளைச் சேர்த்துச் சொல்பவை) சரியாக வரவில்லை. ஆப்பும் கீயும் ஒன்றில் வந்தன. நிறுத்த முகம் எதிலும் வரவில்லை.

வகைப்பாட்டையும் பார்க்க வேண்டும், யாரிடம் விண்ணப்பம் போகிறது, எங்கே தேடுகிறார்கள் என்பது அதிலிருந்துதான் வரும். தொலைநோக்கிக் குறிநோக்கிகள் எஃப்41ஜி 1/38. தொலைநோக்கிகள் பொதுவாக ஜி02பி 23. ஆயுதம் சார்ந்ததாகக் கொண்டால் விண்ணப்பம் போவது அலுவலகத்தின் தொழில்நுட்ப மையம் 3600, ஒளியியலாகக் கொண்டால் 2800. ஆனால் குமிழ் விண்ணப்பங்களுக்கு உண்மையான ஆபத்து மூன்றாவது இடத்தில் இருக்கிறது: ஜி05ஜி 1/08, 1/10. கையால் சுழற்றும் குமிழ்கள், அவற்றைத் தண்டில் பொருத்தும் விவரங்கள் எல்லாம் அங்கே கிடக்கின்றன. ரேடியோ, அளவுக் கருவி, அடுப்பு, இயந்திரம் எதுவானாலும். ஸ்கோப் ஆவணங்களை மட்டும் தேடிவிட்டு "புதுசுதான்" என்று நம்பித் தாக்கல் செய்கிறவர்கள் இங்கேதான் அடிவாங்குகிறார்கள்.

முதல் ஆபீஸ் ஆக்‌ஷன்

முதல் ஆபீஸ் ஆக்‌ஷனில் (அலுவலகம் அனுப்பும் எழுத்து முடிவில்) ஆய்வாளர் எல்லாக் கோரிக்கைகளையும் நிராகரித்தார்.

முதலில் சொற்பொருள். "பிணைப்பு உறுப்பு" என்பதற்கு நியாயமான அளவில் மிக அகன்ற பொருளைக் கொடுத்தார். மூடியைத் தண்டோடு பிணைப்பது எதுவானாலும் அது பிணைப்பு உறுப்பு. 112ஆம் பிரிவின் எஃப் உட்பிரிவு இங்கே வருமா என்ற கேள்வி உண்டு. செயலை மட்டும் சொல்லி அமைப்பைச் சொல்லாத கோரிக்கையை, விளக்கவுரையில் உள்ள அமைப்புக்கும் அதற்குச் சமமானவற்றுக்கும் சுருக்கி வாசிக்கச் சொல்லும் பிரிவு அது. 2015இல் வில்லியம்சன் தீர்ப்புக்குப் பிறகு, "means" என்ற வழக்கமான சூத்திரச் சொல் இல்லாவிட்டாலும், வெற்றுச் சொல் ஒன்றை வைத்துச் செயலை அடுக்கினால் இந்தப் பிரிவு வரலாம். டிடென்ட் பற்றி அந்தப் பயம் இல்லை. 1996இல் கிரீன்பர்க் எதிர் எத்திகான் வழக்கில், டிடென்ட் அமைப்பு என்பது துறையில் உள்ளவர்களுக்கு ஓர் அமைப்பையே குறிக்கிறது, வெறும் செயலை அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குமிழ் விண்ணப்பம் எழுதுகிற எல்லோரும் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிப்பது நல்லது.

"பிணைப்பு உறுப்பு" விஷயத்தில் விண்ணப்பதாரர் தரப்பு தாமாகவே போய் எஃப் உட்பிரிவின்படி வாசியுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கிரப் ஸ்க்ரூ உள்ள ஆவணம் உடனே விலகியிருக்கும். கேட்கவில்லை, கேட்காதது சரி என்றே நினைக்கிறேன். பிறகு நீதிமன்றத்தில் எது "சமமான அமைப்பு" என்று ஒவ்வொரு போட்டியாளரின் குமிழுக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அமைப்பை நாமே நேராகச் சொல்லிவிடுவது மேல்.

அடுத்து 102ஆம் பிரிவு, அதாவது புதுமை இல்லை என்பது. ஆவணம் அ: கிரப் ஸ்க்ரூவால் மூடியைப் பொருத்தும் ஒரு ஸ்கோப் குமிழ். உடல், தண்டு, டிடென்ட், மூடி எல்லாம் இருக்கின்றன. "தண்டைச் சுழற்றாமல்" என்பது? கவனமாக இறுக்கினால் ஆவணம் அ-வின் தண்டும் சுழலாது, அந்தத் திறன் அதற்கு இருக்கிறது, அது போதும் என்றார் ஆய்வாளர். இதற்கு அடிப்படை 1997இன் ஷ்ரைபர் தீர்ப்பு. பாப்கார்ன் கொட்டுவதற்கான கூம்பு மூடி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார்கள். எண்ணெய் டப்பாவின் கூம்பு மூக்கைக் காட்டும் பழைய சுவிஸ் காப்புரிமை ஒன்று அதைத் தடுத்தது. எண்ணெய் ஊற்றச் செய்ததுதான், ஆனால் அதே வடிவம் பாப்கார்னையும் கொட்டக்கூடியது, ஆகவே செயலைச் சொல்வதால் மட்டும் பொருள் புதிதாகிவிடாது.

"நடைமுறையில் அ-வின் தண்டு சுழன்றே தீரும்" என்று பதில் எழுதத் தோன்றும். எழுதலாம், ஆனால் வழக்கறிஞரின் வாதம் சான்றாகாது. அளந்து பார்த்து, விதி 1.132இன் கீழ் உறுதிமொழி வாக்குமூலமாகத் தர வேண்டும். தந்தாலும் ஆய்வாளர் திருப்பிக் கேட்பார்: ஒரு முறையாவது சுழலாமல் இறுக்க முடிந்ததா? முடிந்தது என்றால் திறன் இருக்கிறது. செயலைச் சொல்லும் கோரிக்கை இப்படித்தான் மாட்டிக்கொள்ளும், அளவீடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும்.

மூன்றாவது, 103ஆம் பிரிவு, அதாவது துறையில் உள்ளவருக்கு வெளிப்படையாகவே தோன்றக்கூடியது என்பது. ஆப்பு வளையம் சொன்ன சார்புக் கோரிக்கைக்கு எதிராக ஆவணம் ஆ வந்தது: மின்னணுக் கருவிகளில் பொட்டென்ஷியோமீட்டர் (ரேடியோவில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பாகம் போன்றது) தண்டில் மாட்டும் காலெட் குமிழ். காலெட் என்பது நெருக்கினால் உள்ளிருப்பதைக் கவ்வும் பிளவுபட்ட உறை. நடுவில் ஒரு திருகு, அதை இறுக்கினால் பிளவுபட்ட காலெட் தண்டைக் கவ்வும். கிரப் ஸ்க்ரூ தழும்பு விழாது, எந்தக் கோணத்திலும் பொருத்தலாம். ஸ்கோப் குமிழின் அதே தொல்லைக்கு ரேடியோக்காரர்கள் முன்பே மருந்து கண்டிருக்கிறார்கள்.

"அது ரேடியோ, இது ஸ்கோப், வேறு துறை" என்பது விண்ணப்பதாரருக்கு முதலில் வாயில் வரும் பதில். அந்தப் பதிலில் எடை இல்லை. ஓர் ஆவணம் அதே முயற்சித் துறையில் இருக்க வேண்டும், அல்லது கண்டுபிடிப்பாளர் எதிர்கொண்ட சிக்கலுக்கு நியாயமாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். 2004இன் பிஜியோ வழக்கில் தலைமுடி பிரஷ் விண்ணப்பத்துக்கு எதிராகப் பல் துலக்கும் பிரஷ் ஆவணங்களை ஏற்றுக்கொண்டார்கள். 2011இன் க்ளைன் வழக்கில் மறுபக்கம்: பறவைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கும் கருவிக்கு எதிராகக் காட்டிய ஆவணங்கள் அந்தச் சிக்கலோடு தொடர்பில்லாதவை என்று தள்ளினார்கள். நம் காலெட் குமிழ் எந்தப் பக்கம் விழும் என்பதில் சந்தேகமே இல்லை. தண்டில் குமிழை விரும்பிய கோணத்தில் பொருத்துவது என்ற சிக்கல் இரண்டிலும் ஒன்றுதான்.

இது தவிர இரண்டு சில்லறைக் குறைகள். ஒரு சார்புக் கோரிக்கையில் "எளிதில் விடுபடும் சாய்வு" என்று இருந்தது; எவ்வளவு சாய்ந்தால் எளிது என்று தெரியவில்லை, 112ஆம் பிரிவின் பி உட்பிரிவின்படி தெளிவில்லை. விளக்கவுரையில் கோண வரம்பு இருந்ததால் அதை எடுத்துப் போட்டுத் தீர்த்தார்கள். இன்னொன்று படங்கள் பற்றி: கோரிக்கையில் சொன்ன ஒவ்வொரு கூறும் படத்தில் தெரிய வேண்டும் என்பது விதி 1.83. கீ ஒரு படத்தில் சரியாகத் தெரியவில்லை, திருத்தினார்கள்.

முதல் பதிலும் இறுதி நிராகரிப்பும்

பதில் தர மூன்று மாதம், கட்டணம் கட்டி நீட்டினால் அதிகபட்சம் ஆறு மாதம். விண்ணப்பதாரர் தரப்பு மூன்று மாதத்துக்குள் பதில் தந்தது. "பிணைப்பு உறுப்பு" போயிற்று. அதன் இடத்தில்: பிளவுபட்ட ஆப்பு வளையம், மூடியைப் பொறுத்து அச்சுத் திசையில் நகரும், ஆனால் மூடியைப் பொறுத்துச் சுழலாது, நடுத் திருகு அதை இழுக்கும்.

ஆவணம் ஆ-வில் காலெட்டும் மூடியும் கீயால் கோக்கப்படவில்லை. அதில் திருகை இறுக்கும் முறுக்கு விசை காலெட் வழியாக நேராகத் தண்டுக்கே போகும். பொட்டென்ஷியோமீட்டரில் அது பெரிய பாதிப்பில்லை. நம் குமிழில் கீ இருப்பதால் திருகின் முறுக்கு விசை மூடிக்கும் வளையத்துக்கும் இடையிலேயே சுற்றி அடங்கும். நல்ல வாதம்தான், 102 நிராகரிப்பும் பழைய 103 நிராகரிப்பும் இதில் விழுந்தன.

ஆனால் ஆய்வாளர் மறுபடி தேடினார், ஆவணம் இ கிடைத்தது: துருவல் இயந்திரத்தில் வெட்டுக் கருவியைப் பிடிக்கும் காலெட். அந்த இயந்திரங்களில் வழக்கமான ஆர்8 வகைக் காலெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உடலில் நீளமாக ஒரு கீவே, அதாவது கீ உட்காரும் பள்ளம், வெட்டியிருக்கும், ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டின் உள்ளே ஒரு சிறு ஊசி அதில் உட்காரும், மேலிருந்து இழுதண்டை இறுக்கும்போது காலெட் சேர்ந்து சுழலாமல் மேலே மட்டும் வரும். சாய்வுகூட மொத்தம் 16 பாகை 51 நிமிடம் என்று நிலையான அளவு. திருகை இறுக்கும்போது காலெட் சுழலக் கூடாது என்ற அதே காரணத்துக்காகவே அங்கே கீ இருக்கிறது. அ-வின் ஸ்கோப் குமிழ், ஆ-வின் காலெட் பொருத்தம், இ-யின் கீ. மூன்றையும் சேர்ப்பது துறையில் சாதாரணத் திறமை உள்ளவருக்குத் தோன்றக்கூடியது, பலனும் எதிர்பார்த்ததே என்று ஆய்வாளர் எழுதினார். திருத்தத்தால் புதிய காரணம் தேவைப்பட்டது என்பதால் இந்த நிராகரிப்பை இறுதியாக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

2007இன் கேஎஸ்ஆர் தீர்ப்பு இங்கே நிழலாக நிற்கிறது. அதுவும் சரிசெய்யக்கூடிய ஓர் இயந்திரப் பொருள் பற்றியதே: நகர்த்தி அமைக்கும் வாகன மிதியில் மின்னணு உணரியைப் பொருத்துவது. தெரிந்த கூறுகளைத் தெரிந்த முறையில் சேர்த்து, எதிர்பார்த்த பலன் மட்டும் கிடைத்தால் அது வெளிப்படையானது, சேர்க்கச் சொல்லும் வாசகம் பழைய ஆவணத்தில் எழுத்தாக இருக்க வேண்டியதில்லை. இந்த நிராகரிப்பு நியாயமானது என்பதே என் கருத்து. மூன்று ஆவணங்களைச் சேர்த்ததால், கண்டுபிடிப்பைத் தெரிந்துகொண்ட பிறகு பின்னோக்கிப் பார்த்துக் கட்டியது என்று குற்றம் சொல்வார்கள், ஆனால் ஒவ்வொன்றும் கேட்ட வேலையை அதே காரணத்துக்காகச் செய்கிறது. இங்கே நின்று வாதாடுவது நேர விரயம். மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போயிருந்தால் தோற்றிருக்கவே வாய்ப்பு அதிகம்.

விளக்கவுரையில் கிடந்த வரி

அப்போதுதான் விளக்கவுரையை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். பூஜ்ஜியம் வைக்கும் முறையைச் சொல்லும் பத்தியில் இப்படி ஒரு வரி: "நடுத் திருகை இறுக்கும் திசையும் நிறுத்த முகம் ஊசியில் முட்டும் திசையும் ஒன்றாக இருப்பதால், இறுக்கும் விசையை ஊசி ஏற்கும், மூடியைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை." அதற்கான வெட்டுத் தோற்றமும் இருக்கிறது, ஊசி, முகம், அம்புக்குறி எல்லாம் படத்தில் உண்டு.

இதன் அருமையைப் புரிந்துகொள்ள இறுக்கத்தின் கடைசிக் கால் சுற்றைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் வளையம் தண்டைக் கவ்வவில்லை, மூடி கொஞ்சம் ஆடினாலும் தண்டுக்கு ஒன்றும் ஆகாது. கீ இருக்கிறது, திருகின் விசை வளையத்தை மட்டும் தனியாகச் சுழற்றிவிடாது. ஆனால் வளையம் கவ்வத் தொடங்கிய பிறகு மூடியும் தண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த நேரத்தில்தான் கையில் இருக்கும் சாவிக்கு அதிக பலம் கொடுக்கிறோம். மூடியைப் பிடித்திருக்கும் விரல்கள் இம்மி வழுக்கினால் தண்டும் சேர்ந்து போகும். அ, ஆ, இ மூன்றையும் சேர்த்துச் செய்த குமிழிலும் இது நடக்கும். விண்ணப்பதாரரின் குமிழில் நடக்காது, ஏனென்றால் மூடி ஏற்கெனவே ஊசியில் முட்டி நிற்கிறது, இறுக்குவது அதை மேலும் ஊசியின் மேல் அழுத்துகிறது, விசை உடலுக்குப் போய்விடுகிறது.

தளர்த்தும்போது என்ன ஆகும் என்று கேட்கலாம், ஆய்வாளரும் கேட்டார். தளர்த்தும்போது விசை எதிர்த்திசையில் வரும், ஊசி தடுக்காது, மூடி நகரலாம். உண்மை. ஆனால் அப்போது மூடியும் தண்டும் இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன. நகர்ந்தால் அளவுகோலில் எண் மாறுவது தெரியும், க்ளிக்கும் கேட்கும், எண்ணித் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இறுக்கும்போது நேரும் நகர்வு அப்படியில்லை. அதற்குப் பிறகு பூஜ்ஜியக் கோட்டை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இந்த வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக வைத்ததால் ஆய்வாளரின் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. ஆவணம் அ-விலும் பூஜ்ஜிய நிறுத்தம் இருக்கிறதே? இருக்கிறது. அதுவும் வலச்சுற்றைத் தடுக்கிறது. வழக்கமான திருகும் வலச்சுற்றில்தான் இறுகும். அப்படியானால் ஆ-வின் நடுத் திருகை அ-வில் போட்டவுடன் இரண்டு திசையும் தானாகவே ஒன்றாகிவிடுமே?

பதில் அ-வின் வாசகத்திலேயே கிடைத்தது. அ-வின் நிறுத்தம் மூடியில் இல்லை. மூடிக்கு அடியில் தண்டைச் சுற்றி ஒரு தனி வளையம், அதற்குத் தனியாகக் கிரப் ஸ்க்ரூக்கள். மூடியைக் கழற்றித்தான் அதை அமைக்க வேண்டும். அதோடு, பூஜ்ஜியத்துக்குக் கீழே சில க்ளிக் இடம் விட்டு அந்த வளையத்தை வைக்கச் சொல்கிறது. தோட்டா மாறினால் பூஜ்ஜியம் கொஞ்சம் இறங்கும், அதற்கு இடம் வேண்டும் என்று காரணமும் சொல்கிறது. ஆக, மூடியை இறுக்கும் நேரத்தில் அ-வின் நிறுத்தம் எதிலும் முட்டி நிற்காது. அந்தச் சில க்ளிக் இடைவெளிக்குள் தண்டு தாராளமாகத் திரும்பும், நோய் அப்படியே இருக்கும்.

நேர்காணல்

இறுதி நிராகரிப்புக்குப் பிறகு ஆய்வாளரோடு வீடியோவில் ஒரு நேர்காணல். என் அனுபவத்தில் குமிழ் போன்ற பொருள்களுக்கு நேர்காணல் எழுத்தைவிடப் பல மடங்கு பயன் தரும். பாதி வெட்டிய மாதிரி ஒன்றைக் கேமரா முன் வைத்து, திருகை இறுக்கி, முகம் ஊசியில் அழுந்துவதைக் காட்டினார்கள். ஒரு நிமிட வேலை. மூன்று பக்கம் எழுதியும் ஏறாதது அதில் ஏறியது.

ஆனால் ஆய்வாளர் விட்டுவிடவில்லை. நிறுத்தத்தைத் தண்டிலிருந்து மூடிக்கு மாற்றுவது வெறும் இடமாற்றம்தானே என்றார். 1950இன் ஜாபிக்சே தீர்ப்பு அவருக்குத் துணை: நீரழுத்த இயந்திரத்தில் தொடக்க ஸ்விட்சின் இடத்தை மாற்றியது காப்புரிமைக்குப் போதாது, ஏனென்றால் இயந்திரம் வேலை செய்யும் விதம் அதனால் மாறவில்லை. விண்ணப்பதாரர் தரப்பு பிடித்தது அந்தக் கடைசி நிபந்தனையை. இங்கே இடம் மாறியதும் வேலை செய்யும் விதமே மாறுகிறது. அ-வில் நிறுத்தம் துப்பாக்கி சுடும்போது மட்டும் பயன்படும் ஓர் எல்லை. இங்கே பூஜ்ஜியம் வைக்கும் நேரத்திலேயே விசையைத் தாங்கும் பாகம். தண்டோடு மூடி பிணையாத நிலையிலும் அது தாங்குகிறது, ஏனென்றால் முகம் மூடியின் ஒரு பகுதி.

அ-வின் இடைவெளியைச் சுழியாக்கினால் என்ன என்றும் பேச்சு வந்தது. அ இடைவெளி விடச் சொல்வதால் எதிர்த்திசையில் வழிகாட்டுகிறது என்று வாதிடலாம். அந்த வாதத்தை மட்டும் நம்பியிருந்தால் சரிவராது. ஒரு மாற்று வழியை விரும்புவதாகச் சொன்னாலே அது மற்றதைத் தடுப்பதாகாது என்று 2004இன் ஃபுல்டன் தீர்ப்பு சொல்கிறது. அதற்கு மேலாக இரண்டு விஷயங்களை வைத்தார்கள். இடைவெளியை மூடினால் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாது, அ எதற்காக அந்த இடத்தை விட்டதோ அதுவே கெடும். ஆவணத்தைத் தன் நோக்கத்துக்கே உதவாததாக்கும் மாற்றத்தை வெளிப்படையானது என்று சொல்ல முடியாது என்பது 1984இன் கார்டன் தீர்ப்பு. இரண்டாவது, அப்படி மூடினாலும் அ-வின் நிறுத்த வளையம் தண்டில் கிரப் ஸ்க்ரூவால்தான் பொருத்தப்படுகிறது. அதை இறுக்கும்போதே தண்டு திரும்பும். நோயை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளியதாக ஆகும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் வழக்கை முடித்தது இந்த இரண்டாவது வாதம்.

நேர்காணலின் முடிவில் ஆய்வாளர், நிறுத்த முகம் மூடியோடு ஒன்றானது என்பதையும் இறுக்கும் திசையையும் கோரிக்கையில் சேர்த்தால் தன்னிடமுள்ள ஆவணங்களைத் தாண்டும், ஆனால் புதிதாகத் தேட வேண்டும் என்றார். இறுதி நிராகரிப்புக்குப் பின் வரும் திருத்தத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. முன்பு இந்த நிலைக்கென்றே ஒரு முன்னோட்டத் திட்டம் இருந்தது, கூடுதல் நேரம் எடுத்துத் தேடிப் பார்ப்பார்கள். 2024 டிசம்பரில் அது முடிந்துவிட்டது. ஆகவே கட்டணம் கட்டி, தொடர் ஆய்வுக்கான வேண்டுகோளோடு திருத்தத்தைக் கொடுத்தார்கள்.

திருத்தம் இப்படி: "மூடியோடு ஒன்றாக அமைந்த நிறுத்த முகம், உடலில் நிலையாக உள்ள, அந்த முகம் முட்டும் தடுப்பு, நடுத் திருகு முதல் திசையில் சுழலும்போது ஆப்பு வளையத்தை இழுக்கிறது, முகம் தடுப்பில் முட்டிய நிலையில் அந்த முதல் திசையில் மூடி சுழல்வதைத் தடுப்பு மறிக்கிறது." இதில் "தண்டைச் சுழற்றாமல்" என்ற சொற்றொடரே இல்லை. தேவையில்லை, அமைப்பைச் சொன்னால் பலன் தானே வந்துவிடும். 132ஆம் பிரிவின்படி புதிய விஷயம் எதையும் நுழைக்கக் கூடாது. அந்த ஒரு வரியும் வெட்டுத் தோற்றமும் தாக்கல் நாளிலேயே இருந்ததால் அந்தப் பேச்சே எழவில்லை. அந்த வரியை யாராவது வளவள என்று இருக்கிறது எனச் சுருக்கும்போது வெட்டியிருந்தால், இந்த விண்ணப்பம் இறுதி நிராகரிப்போடு முடிந்திருக்கும்.

அனுமதியும் அதன் விலையும்

புதிய தேடலில் தடுக்கும் ஆவணம் வரவில்லை. அனுமதி அறிவிப்பு வந்தது. அனுமதிக்கான காரணம் என்று ஆய்வாளர் எழுதியது, மூடியோடு ஒன்றான முகம், இறுக்கும் திசையில் மறிப்பு, இரண்டும் சேர்ந்து எந்த ஆவணத்திலும் இல்லை என்பது.

காப்புரிமை கிடைத்தாயிற்று, ஆனால் சுருங்கிய காப்புரிமை. 2002இன் ஃபெஸ்டோ தீர்ப்பின்படி, காப்புரிமை பெறுவதற்காகச் சுருக்கிய கூறுகளைப் பிறகு சமமானது என்று சொல்லி நீட்டிக்க முனைந்தால், கைவிட்டதாகவே முதலில் கருதப்படும். அதை உடைப்பது கடினம். ஒரு போட்டியாளர் நிறுத்த முகத்தை மூடியில் வைக்காமல், பூஜ்ஜியம் வைக்கும்போது மட்டும் அழுத்தி மூடியை உடலோடு கோக்கும் ஒரு தாழ்ப்பாளை வைத்தால் என்ன செய்வது? விசை அதே வழியில் உடலுக்குத்தான் போகும், பலன் அதேதான், ஆனால் எழுத்தில் இந்தக் கோரிக்கைக்குள் வராது.

அதனால்தான் வழங்கும் கட்டணத்தைக் கட்டிவிட்டு, காப்புரிமை வெளியாகும் முன்பே 120ஆம் பிரிவின்கீழ் ஒரு தொடர்ச்சி விண்ணப்பம் போட்டார்கள். தாய் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே போட வேண்டும், வழங்கிய பிறகு அந்தக் கதவு திறக்காது. காலமும் தாயின் தாக்கல் நாளிலிருந்தே 20 ஆண்டு, கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. அதன் முதல் கோரிக்கை ஊசியையோ முகத்தையோ பெயர் சொல்வதில்லை. மூடியில் ஒரு விசை ஏற்கும் பரப்பு, உடலில் அதை எதிர்கொள்ளும் பரப்பு, ஆப்பு வளையம் தண்டைக் கவ்வும் நேரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் என்று போகிறது. தாழ்ப்பாள் வடிவமும் விளக்கவுரையில் மாற்று வடிவமாக ஒரு படத்தோடு இருந்ததால் இதற்கு ஆதாரம் உண்டு. ஆய்வாளர் இதற்கு ஜி05ஜி பக்கம் மறுபடி தேடுவார். பூட்டக்கூடிய அளவுக் குமிழ்கள், நுண்ணளவு தலைகள், கோணமானிகளின் பிடிதிருகுகள் எல்லாம் அங்கே வரும். கவ்வும் நேரத்தில் மூடி உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாடு அவற்றில் ஒன்றில் இருந்தாலும் கோரிக்கையை அதற்கேற்ப இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்கென்று சார்புக் கோரிக்கைகளில் தாழ்ப்பாளும் ஊசியும் தனித்தனியாக இந்த முறை எழுதப்பட்டுவிட்டன.